பாதி வழியில் நின்ற லாரி: கேள்வி பதில்

ஊரை விட்டுப் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இன்ஜின் மக்கர் செய்தால் என்ன செய்வது? பத்து வருடம் லாரி ஓட்டினேன், அப்புறம் இருபது வருடமாக டீசல் இன்ஜின் பிரித்து மாட்டுகிறேன். ஓட்டுநர்களும் வண்டி வைத்திருப்பவர்களும் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணே, மேடு ஏறும்போது ஹீட் முள் சிவப்புக்குப் போய்விட்டது. இன்ஜினை உடனே ஆஃப் செய்வதா, ஓடவிடுவதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: இரண்டும் சரிதான் தம்பி, எதை எப்போது செய்வது என்பதுதான் விஷயம். கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணீர்) ஒழுகவில்லை, தண்ணீர் பம்பைச் சுற்றும் பெல்ட் ஓடுகிறது என்றால் ஓரங்கட்டி நியூட்ரலில் ஓடவிடுங்கள். தண்ணீர் சுழன்றால்தான் சூடு வெளியே போகும். கேபினில் ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்துவிடுங்கள், அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். முள் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிடுங்கள். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் கொட்டினாலோ பெல்ட் அறுந்தாலோ ஒரு நொடிகூட ஓடவிட வேண்டாம்.

அப்புறம் ரேடியேட்டர் மூடி. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன், சூட்டில் தொடாதீர்கள். உள்ளே வெளிக்காற்றைவிட 1 பார் கூடுதல் அழுத்தம் இருந்தால் வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்து அழுத்தம் விட்டதும் அத்தனையும் நீராவியோடு மேலே பாயும். என்னோடு வந்த கிளீனர் பையன் ஒருவன் நான் கீழே இறங்குவதற்குள் ஈரத்துணியைப் போட்டு மூடியைத் திருகிவிட்டான். முழங்கையிலிருந்து கழுத்து வரை வெந்துபோனது. அன்றைக்கு அரை மணி நேரம் பொறுத்திருந்தால் போதும். மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். கை தாங்குகிற சூட்டுக்கு வந்து, அமுக்கினால் கெட்டியாக இல்லாமல் தளர்ந்திருந்தால் மூடியை மெதுவாகத் திறக்கலாம். பச்சைத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் இன்ஜினின் மேல் மூடியான சிலிண்டர் ஹெட் விரிசல் விடும். ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

கேள்வி: தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, முள்ளும் இறங்கிவிட்டது. அப்படியே ஓட்டிக்கொண்டு போகலாமா?

பதில்: முதலில் டிப்ஸ்டிக்கை, அதாவது இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, எடுத்துப் பாருங்கள். ஆயில் சந்தனம் கரைத்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, ஸ்டார்ட்டே செய்யக் கூடாது. ஆயில் நன்றாக இருந்தால் மூடியைத் திறந்து வைத்தபடியே ஸ்டார்ட் செய்து ரேடியேட்டர் வாயைப் பாருங்கள். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கிறது என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் இல்லை, ஒழுகின இடமும் தெரிந்து அடைத்தாகிவிட்டது என்றால் முள்ளைப் பார்த்துக்கொண்டே பக்கத்துப் பட்டறை வரை மெதுவாகப் போகலாம். சரக்கு நேரத்துக்குப் போக வேண்டும் என்று அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

கேள்வி: ஆயில் லைட் எரிகிறது, ஆனால் இன்ஜின் சத்தம் மாறவில்லை. ஐந்து கிலோமீட்டரில் பட்டறை இருக்கிறது. போய்விடலாமா?

பதில்: வேண்டாம். பாதுகாப்பாக ஓரம் கட்டிய கையோடு ஆஃப் செய்யுங்கள். இன்ஜினுக்குள் சுற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவில் இருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலம். அது போனால் இரும்பும் இரும்பும் உரசும். சத்தம் மாறிய பிறகு நிறுத்திப் பயனில்லை. ஆயில் அளவு சரியாக இருந்து லைட் மட்டும் எரிந்தால், அது சென்சார் கோளாறாகவும் இருக்கலாம், பம்ப் போனதாகவும் இருக்கலாம். பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. அந்த ஐந்து கிலோமீட்டரை இழுவை வண்டியில் போங்கள்.

கேள்வி: டீசல் தீர்ந்து நின்றது. கேனில் வாங்கி ஊற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை.

பதில்: டீசல் குழாய் ஏர் இழுத்திருக்கும். ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் கை பம்பை அடித்து, ஏர் ஸ்குருவைத் தளர்த்தி, நுரை போய் டீசல் சுத்தமாக வரும் வரை விட்டு இறுக்குங்கள். ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டாரைத் தொடர்ந்து அடித்தால் பேட்டரியும் இறங்கும், மோட்டாரும் கருகும். பழைய பம்ப் வண்டியில், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்போம். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் அந்தப் பழக்கம் உயிருக்கே ஆபத்து. அதன் குழாயில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். அப்படிப் பட்டால் சின்னப் புள்ளிதானே என்று விடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: ஐயா, இன்னொரு லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள். இன்ஜினைச் சரி செய்த பிறகு இப்போது கியர்பாக்ஸ் அலறுகிறது. ஏன்?

பதில்: கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றாமல் இழுத்திருப்பார்கள். இன்ஜின் சுற்றும்போது கியர்பாக்ஸின் கீழ் ஷாஃப்ட்தான் ஆயிலை வாரி மேலே அடிக்கும். இழுக்கும்போது சக்கரம் பின்பக்கத்து ஷாஃப்டை மட்டும் சுற்றும், கீழ் ஷாஃப்ட் நின்றுகொண்டிருக்கும். பேரிங் காய்ந்தபடியே ஓடும். நீண்ட தூரம் என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றியே ஆக வேண்டும்.

ஏர் பிரேக் வண்டியில் இன்னொன்று. இன்ஜின் நின்று ஏர் இறங்கிவிட்டால் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். சக்கரத்தருகே இருக்கும் பிரேக் சேம்பரின் போல்ட்டைத் திருகி அதை விடுவிக்கலாம், ஆனால் அந்த நொடியிலிருந்து வண்டிக்குப் பிரேக்கே கிடையாது. சக்கரத்துக்குக் கட்டை போடாமல் அதில் கை வைக்காதீர்கள். அப்புறம் இழுக்கும்போது கயிறு கூடாது, வளையாத இரும்புத் தண்டுதான் (டோ பார்).

கேள்வி: முன்பின் தெரியாத மெக்கானிக் வந்து "இன்ஜினை இறக்கணும்" என்கிறார். எப்படி நம்புவது?

பதில்: ஏன் என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் டிப்ஸ்டிக்கையோ, புகையையோ, உடைந்த பாகத்தையோ கையோடு காட்டுவார். பிரிப்பதற்கு முன்பே போனில் படமெடுத்து உங்கள் ஊர் மெக்கானிக்குக்கு அனுப்புங்கள், இருவரையும் பேசவிடுங்கள். கழற்றின பாகத்தைக் கேட்டு வாங்கி வண்டியிலேயே போட்டுக்கொள்ளுங்கள். புழுதி பறக்கிற ரோட்டோரத்தில் மட்டும் ஹெட்டைத் திறக்கவிடாதீர்கள். ஒரு சிட்டிகை மணல் உள்ளே விழுந்தால் சிலிண்டரின் உள்சுவரான லைனர் கீறிவிடும், ஊர் திரும்பிய பிறகு இன்ஜின் வேலை முழுதாக இன்னொரு முறை வந்து நிற்கும்.