கோயிலும் வேண்டும், சொகுசு விடுதியும் வேண்டும் என்றால் சியெம் ரீப்

"குடும்பத்தோடு ஒரு வாரம் வெளிநாடு போக ஆசை. பழமையான கோயில்கள் பார்க்கணும், ஒரு தடவையாவது நல்ல சொகுசு விடுதியில் தங்கணும். இரண்டும் சேர்ந்த மாதிரி இடம் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. கம்போடியாவில் சியெம் ரீப். அங்கோர் கோயில்களுக்குப் பக்கத்து ஊர். அம்மாவோடு ஐந்து இரவு தங்கிவிட்டு வந்தேன். அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். இந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் வயது என்றால் இதில் பாதியைத் தள்ளிவிடுங்கள்.

பலரும் விடுதியை இரவுக்குத்தான் பதிவு செய்கிறார்கள். சியெம் ரீப்பில் விடுதி தேவைப்படுவது மதியத்துக்கு. அங்கே நாள் விடிகாலை நாலரைக்குத் தொடங்கிவிடும். பதினொரு மணிக்கெல்லாம் மணற்கல்லும் செம்புரைக்கல்லும் சூடேறி, கையை வைத்தால் தோசைக்கல் மாதிரி இருக்கும். மேலே வெயில், கீழே கல்லின் அனல். அந்த நேரத்தில் கோயிலில் நிற்பவர்கள் சிற்பம் பார்ப்பதில்லை, நிழல்தான் தேடுகிறார்கள். பதினொன்றிலிருந்து இரண்டரை வரை குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு மறுபடி கிளம்பினால்தான் மாலை வெளிச்சத்தில் எதையாவது ரசிக்க முடியும். அதனால் விடுதி எவ்வளவு ஆடம்பரம் என்பதைவிட, மதியம் எவ்வளவு சீக்கிரம் திரும்பி வர முடியும் என்பதுதான் முதல் கணக்கு.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் இரண்டு இரவும் ஊருக்கு வெளியே, வயல் நடுவில் ஒரு விடுதி. படத்தில் அள்ளிக்கொண்டு போகும் அழகு. பெயர் வேண்டாம். கோயிலிலிருந்து மண் சாலையில் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர நாற்பது நிமிஷம், மறுபடி கிளம்பி வர நாற்பது நிமிஷம். முதல் நாள் போய் வந்ததோடு அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "வெறுமனே படுத்துக் கிடக்க வந்த மாதிரி இருக்கு, கோயில் பார்க்க வந்த மாதிரி இல்ல" என்றார். விடியலுக்குக் கிளம்பும்போது கட்டிக் கொடுத்த காலை உணவில் இரண்டு குளிர்ந்த ரொட்டியும் ஒரு வாழைப்பழமும் இருந்தன. நல்லவேளை, வாழைப்பழம் நன்றாக இருந்தது.

அடுத்த இரண்டு இரவுக்கு ஊருக்குள்ளேயே ராஃபிள்ஸ் கிராண்ட் ஹோட்டல் தாங்கோருக்கு மாறினோம். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், அங்கோர் பார்க்க வரும் பயணிகளுக்காக 1932-ல் திறந்த விடுதி. போர்க்காலத்தில் சீரழிந்து, 1997-ல் புதுப்பித்து மறுபடி திறந்திருக்கிறார்கள். வாசலைத் தாண்டினால் கறுப்பு வெள்ளைத் தரை. நடுவில் மரமும் இரும்புக் கம்பியுமாகப் பறவைக் கூண்டு மாதிரி ஒரு பழைய லிப்ட். அம்மா மூன்று தடவை சும்மாவே ஏறி இறங்கினார். பின்பக்கம் பெரிய நீச்சல் குளம், பழைய அரச குளங்களின் ஜாடையில் கட்டியது. விடுதி இருக்கும் சாலையே நேராக வடக்கே அங்கோர் வாட்டுக்குப் போகிறது. ஆறு கிலோமீட்டர் சுமார். பைக் இழுத்துப் போகும் டுக்டுக் வண்டியில் ஏறினால் கால் மணி நேரம் பிடிக்கும். உள்ளூரில் அதை ரெமார்க் என்கிறார்கள்.

விடுதிக்கு எதிரிலேயே அரச தோட்டம். அந்தப் பெரிய மரங்களில் பகலெல்லாம் பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்கும், கறுப்புத் துணி காயப் போட்ட மாதிரி. பொழுது சாயும்போது ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு கிளம்பும். தோட்டத்து ஓரத்தில் ப்ரேயா அங் செக், ப்ரேயா அங் சோம் என்று இரண்டு புத்தர் நிற்கும் சின்னச் சன்னிதி. தாமரை மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாக உள்ளே மடித்து அடுக்கி விற்கிறார்கள். அங்கோர் வாட்டைவிட அந்தச் சன்னிதியில்தான் ஊர் மக்களின் கூட்டம்.

மற்ற விடுதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமான்சாரா, அப்போது கம்போடியாவை ஆண்ட சிஹானூக் 1962-ல் தன் விருந்தினர்களுக்காகக் கட்டிய மாளிகை. 24 அறைகள்தான். விருந்தினர்களை விடுதியின் சொந்த ரெமார்க்கிலேயே கோயிலுக்கு அழைத்துப் போகிறார்கள். ஓர் இரவு வாடகை பெரும்பாலும் ஆயிரம் டாலரைத் தாண்டும் என்பதால் நான் மதில் சுவரைப் பார்த்ததோடு சரி. பார்க் ஹயாத் ஊர் நடுவில் இருக்கிறது, சந்தைக்கும் நடந்தே போகலாம். பூம் பைதாங் வயலுக்கு நடுவே மரக் கால்கள்மேல் நிற்கும் வீடுகள், தேனிலவுக்காரர்களுக்கு ஏற்றது. முடிந்தால் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள், வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும். வாடகை அப்போதுதான் ஏறும் என்பது வேறு விஷயம். என் யோசனை, எல்லா இரவையும் பெரிய விடுதியில் கழிக்க வேண்டாம். கோயில் சுற்றும் இரண்டு நாளுக்கு மட்டும் எடுங்கள். வந்து சேரும் நாளும் கிளம்பும் நாளும் நாற்பது டாலர் அறையே போதும்.

இனி கோயில்கள். அனுமதிச் சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். முகத்தைப் படம் எடுத்துச் சீட்டில் அச்சடிப்பதால் ஒருவர் சீட்டில் இன்னொருவர் போக முடியாது. 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இலவசம், பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்வார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். அம்மா புடவையில்தான் வந்தார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, படம் எடுக்கத்தான் நாலு பேர் கேட்டார்கள்.

அங்கோர் வாட், 12-ம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டியது. மேற்குப் பார்த்த கோயில். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் பாதி நேரம் மிச்சம். சூரியன் கோயிலுக்குப் பின்னால் எழுவதால் காலையில் முன்பக்கம் நிழலாகத்தான் இருக்கும். விடியலைப் படம் பிடிக்க எல்லோரும் முன்பக்கத்து இடது குளத்தருகே தோளோடு தோள் உரசி நிற்பார்கள். நாங்களும் ஒரு நாள் நின்றோம். எனக்குத் தெரிந்தது வரிசையாகத் தூக்கிய கைப்பேசிகள்தான். மறுநாள் கிழக்கு வாசல் வழியாகப் போனோம். அகழியைத் தாண்டி, மரங்களுக்கு நடுவே மண் பாதை. எங்களைத் தவிர ஒரு துறவியும் இரண்டு நாய்களும்.

அந்த வழியில் போனால் முதலில் வருவது கிழக்குப் பிராகாரம், அங்கேதான் பாற்கடல் கடையும் சிற்பம். 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே சுவர். இளவெயில் தூண்களுக்கு இடையே சாய்ந்து விழும் நேரம். தேவர்களும் அசுரர்களும் வாசுகியைப் பிடித்து இழுக்கிறார்கள், நடுவில் விஷ்ணு, கீழே ஆமை. ரொம்பக் கிட்டே போய்க் கடலைப் பாருங்கள். ஓரத்தில் மீன்கள் முழுசாக நீந்துகின்றன. மத்துக்குக் கிட்டே வர வர, சுழலின் வேகத்தில் அவை துண்டு துண்டாகக் கிடக்கின்றன. கதையை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறோம், அந்த மீன்களைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

மேற்குப் பிராகாரத்தில் ஒரு பாதி குருக்ஷேத்திரம், மறு பாதி இலங்கைப் போர். தெற்கே எமனும் சித்திரகுப்தனும், நரகத் தண்டனைகளும். நடுக்கோபுரத்தடி மேல் தளத்துக்குச் செங்குத்தான படி, மூட்டு வலிக்காரர்களுக்கு வேண்டவே வேண்டாம். பௌத்தர்களின் விரத நாட்களில் அதை மூடிவிடுவார்கள். அம்மா கீழேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு மேற்கு வாசலில் எட்டுக் கை விஷ்ணுவைத் தேடிப் போனோம். மூன்று மீட்டருக்கு மேல் உயரம், மேலே மஞ்சள் பட்டு. உள்ளூர்க்காரர்களுக்கு அவர் 'தா ரியெச்'. 'தா' என்றால் தாத்தா. பௌத்தர்கள்தான், ஆனால் ஊதுவத்தி புகை நிற்கவே இல்லை. எங்கள் ரெமார்க்காரர் அம்மாவை 'யேய்' என்றுதான் கூப்பிடுவார், பாட்டி என்று அர்த்தம். தாத்தாவுக்குப் பாட்டி கும்பிடு போட்டாயிற்று என்று அவருக்கு ஒரே சிரிப்பு.

ஆனால் ஒரே ஒரு கோயிலுக்குத்தான் நேரம் என்றால், அங்கோர் வாட்டைக்கூட விட்டுவிட்டு பந்தேய் ஸ்ரெய் போங்கள் என்பேன். திட்டுவீர்கள், பரவாயில்லை. ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல், அதனால் டுக்டுக் வேண்டாம், கார் எடுங்கள். 967-ல் சிவனுக்குக் கட்டியது. கட்டியவர் அரசரில்லை, யக்ஞவராகர் என்ற அரச குரு. அதனாலோ என்னவோ கோயில் கைக்கு அடக்கமாக இருக்கிறது. நடுக் கருவறையின் வாசல் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கல் இளஞ்சிவப்பு. அதில் செதுக்கியிருப்பதைப் பார்த்தால் கல் என்றே தோன்றாது, சந்தனக் கட்டையில் வேலை செய்த மாதிரி இருக்கும். கயிலையைத் தூக்கும் ராவணன், மன்மதனை எரிக்கும் சிவன், காண்டவ வனத்தில் பொழியும் மழை, வாலி சுக்ரீவன் சண்டை, எல்லாம் கண் மட்டத்துக்குச் சற்று மேலே, கழுத்து வலிக்காமல் பார்க்கலாம்.

எட்டு மணிக்கெல்லாம் அங்கே இருந்தோம். ஒரு வாசல் முகப்பில் சிவன் ஆடுகிறார். அவர் காலடியில், மூலையில், எலும்பும் தோலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார், மார்பு வற்றித் தொங்குகிறது. பக்கத்தில் ஒரு வழிகாட்டி தன் கூட்டத்துக்கு "ஒரு பக்தை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அம்மா நகரவில்லை. முந்தானையால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இது நம்ம காரைக்கால் அம்மையார்டா" என்றார். ஆராய்ச்சியாளர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று எனக்குப் பிறகு படித்துத்தான் தெரியும். அம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், இவ்வளவு தூரத்தில், முகம் தெரியாத ஒரு சிற்பிக்கு அந்தப் பேயுருவம் தெரிந்திருக்கிறது. அன்று மதியம் விடுதி அறையில் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு அம்மா அம்மையார் கதையை முழுசாகச் சொன்னார். மாங்கனியிலிருந்து தலையால் நடந்தது வரை. எனக்குத் தூக்கம் வரவில்லை.

மற்றவை வேகமாக. தா ப்ரோம், மர வேர்கள் சுவரை விழுங்கும் இடம். ஏழாம் ஜெயவர்மன் 1186-ல் தன் தாய்க்காகக் கட்டியது. இங்கே இந்தியத் தொல்லியல் துறை சேர்ந்து சீரமைத்த நடன மண்டபம் 2022-ல் திறந்தது, தேடிப் பாருங்கள். காலை ஏழரைக்குத் திறந்ததும் நுழைந்துவிட வேண்டும், ஒன்பது மணிக்கு மேல் வேருக்குக் கீழே நின்று படம் எடுக்க வரிசை நிற்கும். பாயோன் கோயிலின் கல் முகங்களை மாலையில் பாருங்கள், வெயில் சாயச் சாய முகபாவம் மாறும். ப்ரேயா விஹேர் என்ற மலைக்கோயிலும் பிரமாதம் என்பார்கள், ஆனால் அது தாய்லாந்து எல்லையில் இருக்கிறது. 2025-ல் அங்கே இரு ராணுவமும் மோதின. இந்தப் பயணத்தில் அதைச் சேர்க்க வேண்டாம்.

புதிய விமான நிலையம் 2023-ல் திறந்தது, ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல். பழைய பயணக் குறிப்புகளில் இருக்கும் "பதினைந்து நிமிஷம்" இப்போது செல்லாது, முக்கால் மணி நேரமாவது வையுங்கள். பணம் டாலராகவே செலவழியும், சில்லறை மட்டும் உள்ளூர்ப் பணமான ரியெலில் வரும், ஒரு டாலருக்கு நாலாயிரம் என்ற கணக்கில். ஓரம் கிழிந்த டாலர் நோட்டை யாரும் தொட மாட்டார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று. "காய்கறிக் குழம்பு" என்று தருவதிலும் மீன் சாறோ ப்ராஹோக் என்ற மீன் விழுதோ இருக்கும். அங்கே அது உப்பு மாதிரி, அசைவக் கணக்கிலேயே வராது. "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் போதாது, அந்த இரண்டையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். பெரிய விடுதிச் சமையலறையில் எழுதிக் கொடுத்துவிட்டால் கவனமாகச் செய்கிறார்கள், டோஃபு போட்ட அமோக் அம்மாவுக்குப் பிடித்துப்போய் இரண்டு மதியமும் அதுவே சாப்பிட்டார். தேங்காய்ப் பாலில் வேகவைத்து வாழையிலைக் கிண்ணத்தில் தருவார்கள், காரம் கிடையாது. ஊறுகாய் எடுத்துக்கொண்டு போங்கள்.