பைக்கில் சுமை கட்டுவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மண் ரோட்டிலும் தார் ரோட்டிலும் ஓடுகிற அட்வென்ச்சர் பைக்கில் நெடும்பயணம் போவது பற்றிக் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பை, பெட்டி, அவற்றைத் தாங்குகிற ரேக் பற்றித்தான். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: மண் ரோடு, மலைப் பாதை எல்லாம் போக ஆசைப்பட்டு பைக் வாங்கியிருக்கிறேன். அலுமினியப் பெட்டி வாங்குவதா, துணிப் பை வாங்குவதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம், ஒவ்வொருவரும் ஓட்டுகிற ரோடு வேறு. தார் ரோட்டிலேயே பெரும்பாலும் போவீர்கள், இரவில் அறை எடுத்துத் தங்குவீர்கள், பைக்கை வாசலில் விட்டுவிட்டு ஊர் சுற்றுவீர்கள் என்றால் பூட்டுப் போட்ட பெட்டி பெரிய நிம்மதி. மழை உள்ளே போகாது, கேமரா நசுங்காது.

மணல், சேறு, உருளைக்கல் என்று இறங்கினால் கதை மாறுகிறது. மணலில் பைக் தடுமாறும்போது நம்மை அறியாமல் காலை ஊன்றுவோம். பைக் முன்னால் நகர்ந்துகொண்டிருக்கும், ஊன்றிய கால் பின்னால் போகும், பின்னால் கெட்டியாக ஒரு அலுமினிய மூலை நிற்கும். கெண்டைக்கால் அதில் மாட்டினால் எலும்பு முறிவு வரை போகலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே கரடுமுரடான பாதைக்குப் போகிறவர்களுக்குத் துணிப் பையைத்தான் நான் சொல்வேன். பைக் சாய்ந்து விழும்போதும் பெட்டி அடியைத் தான் வாங்கி ரேக்குக்குக் கொடுக்கிறது, ரேக் அதைச் சீட்டையும் சுமையையும் தாங்குகிற பின்சட்டமான சப்ஃப்ரேமுக்குக் கொடுக்கிறது. பெட்டியின் வாய் ஒரு முறை கோணினால் மூடி சரியாக உட்காராது, அப்புறம் அது மழைக்கும் தாங்காது. துணிப் பை நசுங்கும், அதோடு சரி.

எடையும் இருக்கிறது. நல்ல அலுமினியப் பெட்டி ஒன்று காலியாகவே 5 கிலோ சுமார் வரும். இரண்டு பெட்டி, ரேக் எல்லாம் சேர்த்தால் 15 கிலோவைத் தொட்டுவிடும். நீங்கள் இன்னும் ஒரு சட்டைகூட வைக்கவில்லை.

துணிப் பையின் குறை திருட்டு. கத்தி இருந்தால் போதும். அதனால் ஆவணம், பணம், கேமரா மூன்றையும் கழற்றித் தோளில் மாட்டக்கூடிய சின்னப் பையில் வையுங்கள். ஒரு விஷயம், பெட்டியோ பையோ எதுவாக இருந்தாலும் ஹேண்டில்பாரைவிட அகலமாக வெளியே நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. ஹேண்டில் நுழைந்த சந்தில் பின்பக்கமும் நுழையும் என்றுதான் நம் கை கணக்குப் போடும்.

கேள்வி: எவ்வளவு எடை வரை ஏற்றலாம்? பைக் பெரியது, தாங்கும் என்கிறார் நண்பர்.

பைக் பெரியது என்பதால் நிறையத் தாங்கும் என்று பொருள் இல்லை. கையேட்டில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை என்று ஓர் எண் இருக்கும். அதிலிருந்து பெட்ரோல் நிரப்பிய பைக்கின் எடையைக் கழியுங்கள். பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் மாதிரி பெரிய வண்டியையே எடுத்துக்கொள்வோம்: மொத்தம் 465 கிலோ, வண்டி 249 கிலோ, மீதி 216. ஹெல்மெட், பூட்ஸ், ஜாக்கெட்டோடு ஓட்டுபவர் 95 கிலோ, பின்னால் உட்காருபவர் 70 கிலோ என்றால் மீதி 51. பெட்டியும் ரேக்கும் 15ஐ எடுத்துக்கொண்டால் பொருளுக்கு 36 கிலோதான். அவ்வளவு பெரிய வண்டிக்கே இதுதான் கணக்கு. நடுத்தர வண்டிகளில் இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

மொத்த எடையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அது எங்கே இருக்கிறது என்பது. பின்சக்கர அச்சுக்குப் பின்னால் வைக்கிற ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கிறது, சீசாப் பலகையின் கடைசியில் உட்கார்ந்த குழந்தை மாதிரி. முன்பக்கம் லேசானால் வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது, வேகத்தில் ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். பின் கேரியருக்குத் தனியாக எடை வரம்பு உண்டு, பல வண்டிகளில் அது 10 கிலோவுக்குள்தான். அதைப் படிக்காமல் பெரிய டாப் பாக்ஸில் கருவி, தண்ணீர், கூடாரம் எல்லாம் அடைத்து, குண்டும் குழியுமான ரோட்டில் சப்ஃப்ரேமை முறித்துக்கொண்டவர்கள் ஏராளம்.

கனமானது கீழே, முன்னால்: கருவிகள், டியூப், தண்ணீர் இவற்றை டேங்கின் இரு பக்கமும் தொங்குகிற பைகளிலோ பக்கவாட்டுப் பையின் அடியிலோ முன்மூலையிலோ வையுங்கள். தூங்கும் பை, துணிமணி மாதிரி உப்பிய, லேசான பொருள்தான் பின்னால் போக வேண்டியது. இரண்டு பக்கமும் எடை ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். சுமை ஏற்றிய பிறகு பின் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கமான பிரீலோடைக் கூட்டி, டயர் காற்றைக் கையேட்டில் சுமைக்கென்று கொடுத்த அளவுக்கு மாற்றி, ஹெட்லைட்டையும் ஒரு முறை பாருங்கள். பின்பக்கம் அமுங்கினால் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணுக்குப் போகும்.

கேள்வி: ரெடிமேட் ரேக் என் வண்டிக்குக் கிடைக்கவில்லை. தெரிந்த வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாமா?

தாராளமாக. ஆனால் கைவேலையில் நான் மிகவும் கறாராக இருக்கச் சொல்லும் இடமும் இதுதான். எந்தப் பழைய டப்பாவையும் பெட்டியாக்கலாம், உடைந்தால் பொருள் கீழே கொட்டும். ரேக் ஓடும்போது உடைந்தால் பின்சக்கரத்துக்குள் போகும்.

தச்சர் பலகைக்கு அளவெடுப்பதுபோல் முதலில் அட்டையிலும் கம்பியிலும் ஒரு மாதிரி செய்து வண்டியில் வைத்துப் பார்த்துவிடுங்கள். இரும்புப் பைப் 16 அல்லது 18 மில்லிமீட்டர் வெளிவிட்டம் போதும். கெட்டிக் கம்பி எடையைத்தான் கூட்டும். மூலைகளை வெட்டி ஒட்டாமல் பைப்பை வளைத்துச் செய்யச் சொல்லுங்கள், வெட்டி ஒட்டிய மூலையில்தான் அதிர்வு விரிசலைத் தொடங்கி வைக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று இடத்திலாவது பிடிப்பு வேண்டும், அவை ஒரே நேர்கோட்டில் இருக்கக் கூடாது. பின்சீட் ஃபுட்ரெஸ்ட் தாங்கி, கைப்பிடிக் கம்பியின் போல்ட், சப்ஃப்ரேமின் பின்முனை ஆகியவை வழக்கமான இடங்கள். பலரும் விட்டுவிடுவது நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இடது ரேக்கையும் வலது ரேக்கையும் இணைக்கிற குறுக்குக் கம்பி. அது இல்லையென்றால் இரண்டு பக்கமும் உள்ளே வெளியே ஆடிக்கொண்டே இருக்கும், போல்ட்டுகள் ஒவ்வொன்றாகத் தளரும்.

வண்டியின் ஃப்ரேமில் எதையும் வெல்டு வைக்க விடாதீர்கள். சூடு பட்ட இடத்தில் உலோகத்தின் பலம் மாறிவிடும், நாளைக்கு ரேக் வளைந்தால் கழற்றவும் முடியாது. எல்லாம் போல்ட்டில்தான் நிற்க வேண்டும், போல்ட் 8.8 என்ற வலிமைத் தரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். ஏற்கனவே இருக்கிற போல்ட்டுக்கு இடையில் ரேக்கின் பட்டையை நுழைக்கிறீர்கள் என்றால் பட்டையின் தடிமன் அளவுக்கு நீளமான போல்ட் மாற்றுங்கள், இல்லாவிட்டால் மரையில் பிடிப்பது குறைந்துபோகும். வெல்டிங்கை ரேக்கைக் கழற்றி வைத்துச் செய்வது நல்லது. வண்டியில் வைத்துப் புள்ளி வெல்டு போட்டே ஆக வேண்டும் என்றால் பேட்டரி வயரையும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவின் இணைப்பையும் எடுத்துவிடுங்கள்.

பெயின்ட் அடிப்பதற்கு முன் சோதிக்க வேண்டியவை: ரேக் இருக்கும்போதே பின்சக்கரத்தைக் கழற்ற முடிகிறதா, செயினை இறுக்க ஸ்பேனர் நுழைகிறதா, சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது டயரோ சைலன்சரோ எங்கேயாவது இடிக்கிறதா. போல்ட்டுகளுக்கு, அதிர்வில் தளராமல் பிடிக்கும் நீல நிற மரைப் பசை போட்டு, இறுக்கிய பின் நட்டின் மேலும் ரேக்கின் மேலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தாலே தெரியும்.

கேள்வி: பழைய ராணுவத் தோட்டாப் பெட்டி, பிளாஸ்டிக் கேன், பிவிசி பைப் என்று பலர் மாட்டிக்கொண்டு போகிறார்கள். இதெல்லாம் சரிப்படுமா?

சரிப்படும், எனக்கு இந்த வேலைகள் ரொம்பவே பிடிக்கும். தோட்டாப் பெட்டியின் மூடியில் ரப்பர் பட்டை இருப்பதால் தண்ணீர் உள்ளே வராது. எடை அதிகம், மூலை கூர்மை, துளை போட்ட இடத்தில் துருப்பிடிக்கும். துளைக்குப் பெயின்ட் வைத்து, உள்பக்கம் அகலமான வாஷரோ இரும்புப் பட்டையோ கொடுத்து போல்ட் போடுங்கள். வெறும் போல்ட் தலை மட்டும் நின்றால் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

20 லிட்டர் பிளாஸ்டிக் கேனின் மேல்பக்கத்தை வெட்டிக் கீல் வைத்தால் அருமையான லேசான பெட்டி. ஆனால் பெட்ரோல் இருந்த கேனை, பிளாஸ்டிக்கோ இரும்போ, கழுவிக் காய வைத்திருந்தாலும் கிரைண்டரால் வெட்டாதீர்கள். உள்ளே தங்கிய ஆவி ஒரு தீப்பொறிக்கு வெடிக்கும். தண்ணீர் இருந்த கேன்தான் இதற்கு.

பிவிசி பைப்பை நான் எல்லோருக்கும் சொல்வேன். 110 மில்லிமீட்டர் பைப் ஒரு துண்டு, ஒரு முனையில் ஒட்டிய மூடி, இன்னொரு முனையில் திருகு மூடி. கருவிகளைத் துணியில் சுற்றி உள்ளே தள்ளினால் சத்தமும் வராது. சைலன்சர் ஒரு பக்கம் மட்டும் இருக்கும் வண்டிகளில் மறுபக்கத்தில் ரேக்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே இடம் சும்மா கிடக்கும், பைப் அங்கே சரியாக உட்காரும், எடையும் கீழே இருக்கும். சைலன்சர் பக்கம் மட்டும் வேண்டாம், பிவிசி 80 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். துணிப் பைக்கும் இதே எச்சரிக்கை: நின்றிருக்கும்போது தள்ளி இருக்கிற பை, பள்ளத்தில் குதிக்கும்போது சைலன்சரில் ஒட்டும். நடுவில் ஒரு தகடு, தகட்டுக்கும் சைலன்சருக்கும் இடையே காற்றுப் போக இடம், இரண்டும் வேண்டும்.

கேள்வி: கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு போதாதா?

போதாது. நீளும், நழுவும், அறுந்தால் செயினிலோ சக்கரத்திலோ சுற்றும். இழுத்து மாட்டும்போது கொக்கி தெறித்துக் கண்ணைப் பறித்த விபத்துகள் உண்டு. பக்கிள் வைத்த நீளாத பட்டை வாங்குங்கள், மிச்ச நுனியைச் சுருட்டிக் கட்டுங்கள். லாரியில் சரக்கு கட்டுகிற ராட்செட் பட்டை பைக்குக்கு அதிகம், ரேக்கையே வளைத்துவிடும்.

கேள்வி: பை "வாட்டர்ப்ரூஃப்" என்று போட்டிருந்தது. மழையில் எல்லாம் நனைந்துவிட்டது.

ஜிப் வைத்த பையை நம்பாதீர்கள். வாயைச் சுருட்டி மூடுகிற ட்ரை பேக்கை மூன்று சுற்றாவது சுருட்டினால்தான் தண்ணீர் உள்ளே போகாது, அதற்கு மேல்பக்கம் கொஞ்சம் காலியாக விட வேண்டும். தூங்கும் பைக்கும் மாற்றுத் துணிக்கும் உள்ளே தனியாக ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் உறை போட்டுவிடுங்கள்.

கேள்வி: பை தவிர முதலில் எந்த ஆக்சஸரி வாங்குவது?

விழுந்தால் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர உதவுகிறவை முதலில். எஞ்சின் அடித்தட்டு, உள்ளே அலுமினியக் கம்பி ஓடும் கைக்காப்பு, பிறகு எஞ்சினைச் சுற்றிப் பாதுகாக்கும் கம்பியான கிராஷ் பார். சைடு ஸ்டாண்டின் அடிக்கு அகலமான தகடு ஒன்றைப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம், சுமையோடு மண்ணில் நிறுத்தும்போது ஸ்டாண்ட் புதையாது.

கூடுதல் விளக்கு போட்டால் ரிலேயும் (விளக்குக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்சார சுவிட்ச்) ஃபியூஸும் கட்டாயம், ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 40 வாட் விளக்கு 12 வோல்ட்டில் ஏறக்குறைய 3.3 ஆம்பியர் இழுக்கும், 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். 20 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் வயர் எரிந்த பிறகும் ஃபியூஸ் போகாமல் இருக்கலாம். போனை ஹேண்டிலில் மாட்டுகிறவர்கள் அதிர்வைத் தணிக்கிற தாங்கி வாங்குங்கள்; பைக் எஞ்சினின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது.

கேள்வி: தனியாகப் பெட்ரோல் எடுத்துப் போவது பாதுகாப்பா?

பெட்ரோலுக்கென்றே செய்த கேனில் மட்டும். தண்ணீர் பாட்டிலின் மூடி கசியும், யாராவது தெரியாமல் குடித்தும்விடலாம். விளிம்பு வரை நிரப்பாதீர்கள், வெயிலில் விரிய இடம் வேண்டும். நிரப்பும்போது கேனை வண்டியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்து நிரப்புங்கள், நிலைமின்சாரப் பொறி வராமல் இருக்க. 5 லிட்டர் ஏறக்குறைய 3.7 கிலோ, அதையும் எடைக் கணக்கில் சேருங்கள். கேனைச் சைலன்சருக்கு எதிர்ப்பக்கம் கட்டுங்கள், டேங்கில் இடம் வந்ததும் முதல் வேலையாக அதை ஊற்றிவிடுங்கள், காலிக் கேனோடு ஓட்டுவதே எப்போதும் நல்லது.