போன் கேமராவை உயர்த்திப் பிடித்தால் கூட்டத்தில் நண்பர் எங்கே நிற்கிறார் என்று காட்டுமா?

காட்டும். ஆனால் எப்போது தேவையோ அப்போது காட்டாது. நண்பர் தூரத்தில் இருக்கும்வரை ஓரளவு சரியாகச் சொல்லும். கூப்பிடு தூரத்துக்கு வந்ததும் உளற ஆரம்பித்துவிடும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். திறந்தவெளி மைதானத்தில் ஒரு பெரிய இசை நிகழ்ச்சி. நானும் நண்பனும் தனித்தனியாக வந்திருந்தோம். அந்தச் சத்தத்தில் போனில் பேச வழியில்லை. இருவரிடமும் ஒரே ஏஆர் செயலி இருந்தது. (ஆக்மென்டட் ரியாலிட்டியைத்தான் சொல்கிறேன்: கேமராவில் தெரியும் காட்சியின் மேலேயே பெயர், அம்புக்குறி, தூரம் எல்லாம் மிதக்கும்.) நுழைவாயிலில் நின்று போனை உயர்த்தினேன். மேடைக்கு வலப்பக்கம் அவன் பெயர், கீழே 400 மீட்டர். நடந்தேன். 100, 60, 30 என்று அழகாகக் குறைந்துகொண்டே வந்தது. 15 மீட்டரில் பெயர் சட்டென்று இடப்பக்கம் தாவியது. திரும்பினால் முதுகுப்பக்கம் போய்விட்டது. போனை நெற்றிக்கு நேரே பிடித்தபடி நான் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்ததை அவன்தான் முதலில் பார்த்தான். ஆசைதீரச் சிரித்துவிட்டுத்தான் தோளைத் தட்டினான்.

வீட்டுக்கு வந்து ஏன் இப்படி ஆனது என்று கணக்குப் போட்டேன். வானம் நன்றாகத் தெரியும் இடத்தில்கூட போனின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் பிசகும். என் போன் ஒரு பக்கம் 5, அவன் போன் எதிர்ப்பக்கம் 5 என்று பிசகினால் மொத்தம் 10 மீட்டர். அவன் 400 மீட்டர் தள்ளி இருந்தால் அந்த 10 மீட்டர் என்பது ஒன்றரை டிகிரிதான், அம்பு அசைந்தது கண்ணுக்கே தெரியாது. அதுவே அவன் 15 மீட்டரில் நிற்கும்போது 30 டிகிரிக்கு மேல். 8 மீட்டருக்குள் வந்துவிட்டால் அவன் முன்னால் நிற்கிறானா பின்னால் நிற்கிறானா என்பதே செயலிக்கு நிச்சயமில்லை. அது மட்டுமா, அவன் இருப்பிடம் அரை நிமிடம் பழையதாக வந்தாலும் போச்சு. சாதாரணமாக நடக்கிறவர் அதற்குள் 40 மீட்டர் போயிருப்பார்.

போன் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது தனிக் கதை. அதைச் சொல்வது உள்ளே இருக்கும் காந்தத் திசைகாட்டி. இரும்புத் தூண், கார், பெரிய ஸ்பீக்கர், காந்தம் வைத்த போன் உறை, எது பக்கத்தில் வந்தாலும் அது குழம்பும். மேடை ஓரத்தில் போய் அதை நம்பியது என் தவறுதான்.

இது புதிய சிக்கலும் இல்லை. 2009-இல் ஐபோன் 3ஜிஎஸ்ஸில் திசைகாட்டி வந்தது. லேயார் போன்ற செயலிகள் கேமராக் காட்சியில் பெயர்களை மிதக்கவிட்டதும் அதே ஆண்டில்தான். அன்றைக்கும் ஜிபிஎஸ், திசைகாட்டி என்ற இந்த ஜோடிதான். பிறகு கூகுள் மேப்ஸில் 2019-இல் லைவ் வியூ வந்தது. சுற்றியுள்ள கட்டடங்களைக் கேமராவில் பார்த்து, கூகுள் ஏற்கெனவே தெருத்தெருவாக எடுத்துவைத்த ஸ்ட்ரீட் வியூ படங்களோடு ஒப்பிட்டு, நாம் நிற்கும் இடத்தையும் பார்க்கும் திசையையும் திருத்திக்கொள்ளும். நண்பர் பகிர்ந்த இடத்தை அதிலேயே காட்டும் வசதியை 2020-இல் அறிவித்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் திருந்துவது நம் இருப்பிடம் மட்டும். நண்பரின் போன் பாவம், அவர் பாக்கெட்டுக்குள் பழைய ஜிபிஎஸ்ஸோடுதானே கிடக்கிறது?

பக்கத்தில் வந்தபின் உண்மையிலேயே உதவுவது அல்ட்ரா வைடுபேண்ட். இரண்டு போன்களும் நேரடியாக ரேடியோத் துடிப்புகளைப் பரிமாறி, அவை வந்துசேரும் நேரத்தை அளக்கும். ரேடியோ அலை ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகும் என்பதால், நேரத்தை நுட்பமாக அளந்தால் தூரமும் நுட்பமாகக் கிடைத்துவிடும். ஐபோன் 11-இல் 2019-இலேயே அந்தச் சிப் வந்துவிட்டது. ஆனால் ஆட்களைத் தேடும் வசதி 2023-இல் ஐபோன் 15-இல்தான் வந்தது. இருவரிடமும் அந்த வசதியுள்ள போன் இருக்க வேண்டும். நடுவில் நெருக்கமாக ஆட்கள் நின்றால் சிக்னல் தடுமாறும், மனித உடம்பு அந்த அலைகளை அவ்வளவு மறைக்கும். கேமராக் காட்சியெல்லாம் இல்லாமல் வெறும் அம்பும் தூரமும்தான் திரையில் வரும். எனக்கு அதுவே போதும்.

பல மாடிக் கட்டடத்தில் ஏஆர் பெயர்ப்பலகையை நம்பவே வேண்டாம். "5 மீட்டர்" என்று காட்டும், ஆள் இரண்டு மாடி மேலே இருப்பார்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். 50 மீட்டர் வரை சாதாரண மேப்பைப் பார்த்து வருவோம். அப்புறம் ஒருவர் அசையாமல் நிற்க வேண்டும் (இருவரும் தேடினால் விடிய விடியத் தேடலாம்), போன் டார்ச்சை எரியவிட்டுக் கையை உயர்த்த வேண்டும். இருட்டில் இதை மிஞ்சும் செயலியை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, இருப்பிடத்தைப் பகிரும்போது ஒரு மணி நேரம் என்று வரம்பு வைத்துவிடுங்கள். அன்றைக்கு நான் அதை நிறுத்த மறந்துவிட்டேன். "நேற்று ராத்திரி 11 மணிக்கு எங்கேடா சுற்றிக்கொண்டிருந்தாய்?" என்று மூன்று நாள் கழித்து அவன் கேட்டபோதுதான் ஞாபகம் வந்தது.