குளிர் திரும்பியதும் வெறிச்சோடிய பாஸ் கூடுகள்

வணக்கம் நண்பரே. ஒஹாயோவிலுள்ள உங்கள் குளத்தில் மே மாதத் தொடக்கத்தில் லார்ஜ்மவுத் பாஸ் என்னும் நன்னீர் மீன்கள் கரையோரம் முட்டையிடக் கூடாக அமைத்திருந்த வட்டக் குழிகள், நான்கு நாள் குளிருக்குப் பின் வெறிச்சோடிவிட்டதாக எழுதியிருந்தீர்கள்.

பெரும்பாலும் நீரின் வெப்பநிலையே காரணமாக இருக்கும். நீர் ஏறத்தாழ 15 முதல் 20 டிகிரி செல்சியஸை எட்டும்போது இம்மீன்கள் முட்டையிடத் தொடங்கும். ஆண் மீன் ஆழமற்ற இடத்தில் வாலால் மண்ணை விலக்கிக் குழி அமைத்து, பெண் மீன் இட்ட முட்டைகளின் மேல் துடுப்பசைத்து நீரோட்டம் தந்து, குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பின்னும் சில நாட்கள் காவல் காக்கும். நீர் திடீரெனக் குளிர்ந்தால் அது காவலைக் கைவிடக்கூடும். பிறகு முட்டைகளில் பூஞ்சை படரும், அல்லது புளூகில் என்னும் சிறு மீன்கள் அவற்றைத் தின்றுவிடும். நீர்மட்டம் இறங்கினாலும் இதே இழப்பு நேரும் என்பதால் அதையும் கவனியுங்கள்.

மனம் தளர வேண்டாம். நீர் மீண்டும் வெதுவெதுப்பானதும் இவை மறுபடி கூடமைப்பதுண்டு. அந்நாட்களில் கூட்டைக் காக்கும் ஆண் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிக்காதீர்கள் என்று உண்மையான அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். பிடித்த உடனே விட்டாலும், அது திரும்புவதற்குள் புளூகில்கள் கூட்டைச் சூறையாடிவிடக்கூடும். காற்றின் வெப்பத்தை நம்பாமல், தினமும் காலையில் முழங்கால் ஆழத்தில் நீரின் வெப்பநிலையை அளந்து குறித்து வாருங்கள்.