அண்ணனுக்கு முன்னால் பிறந்த தம்பி

அன்புள்ள ஐயா,

நான் ஓய்வுபெற்ற பொறியாளன். ஆறு மாதம் காரைக்குடி, ஆறு மாதம் கனெக்டிகட்டில் மகள் வீடு என்று காலம் ஓடுகிறது. மருமகன் அமெரிக்கர், நியூ ஹேவன் பக்கத்துப் பழைய குடும்பம். பேத்திக்குப் பள்ளியில் இரண்டு பக்கத்து முன்னோர்களையும் மரமாக வரைந்துவரச் சொன்னார்கள். சம்பந்தியம்மா 1900 வாக்கில் அச்சான குடும்ப வரலாறு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டார். பன்னிரண்டு தலைமுறை! அதற்கும் மேலே போய் இங்கிலாந்தில் ஒரு பிரபுவிடம் முடிகிறது. எங்கள் பக்கம் என் தாத்தாவின் அப்பாவோடு நின்றுவிட்டது. ஊரில் என் அக்கா இருக்கிறார், வயது 84, அவருக்கு இன்னும் கொஞ்சம் தெரியலாம். "உங்க பக்கம் ஏன் தாத்தா ஆளே இல்லை?" என்கிறாள் பேத்தி.

இவர்களால் மட்டும் இது எப்படி முடிகிறது? அந்தப் புத்தகத்தை நம்பலாமா? ஓரிடத்தில் அண்ணன் பிறந்தது 1690 ஏப்ரல் 6 என்றும் தம்பி பிறந்தது 1690 மார்ச் 10 என்றும் இருக்கிறது. சம்பந்தியம்மாவிடம் கேட்கச் சங்கடமாக இருப்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

ச.

அன்புள்ள ச,

தம்பி ஒழுங்காகத்தான் பிறந்திருக்கிறான். 1752 வரை இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் சட்டப்படி ஆண்டு தொடங்கிய நாள் மார்ச் 25. பங்குனியில் பிறக்கும் பிள்ளைக்கு நாம் பழைய வருஷத்தின் பெயரைத்தானே ஜாதகத்தில் எழுதுகிறோம்? அதே கதை. 1690 ஏப்ரலுக்குப் பதினொரு மாதம் கழித்து வந்த மார்ச் 10, அவர்களுக்கு இன்னும் 1690. நம் கணக்கில் 1691. கவனமான எழுத்தர்கள் இந்தக் குழப்பத்துக்குப் பயந்து 1690/91 என்று இரட்டையாக எழுதுவார்கள். 1752இல் நாட்காட்டியையே மாற்றினார்கள். அந்த வருஷம் செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது எழுதப்பட்ட தேதி 1731/32 பிப்ரவரி 11. இன்று கொண்டாடுவது 1732 பிப்ரவரி 22.

இதனால் உங்கள் சம்பந்தியம்மாவின் புத்தகத்தின் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்திருக்கிறது. தொகுத்தவர் அந்தத் தேதியைத் 'திருத்தாமல்' விட்டிருக்கிறார். கற்பனையாக எழுதுகிறவர் இப்படி இடறும் தேதியை எழுதமாட்டார். அவர் ஊர்ப் பதிவேட்டைப் பார்த்தோ, பார்த்தவரின் படியைப் பார்த்தோதான் எழுதியிருக்க வேண்டும். நீங்கள் சந்தேகப்பட்ட இடத்தை நான் நம்புகிறேன். நீங்கள் ஆச்சரியக்குறி போட்ட இடத்தில்தான் எனக்குச் சந்தேகம். அந்தப் பிரபுவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அவர்களால் எப்படி முடிகிறது என்று கேட்டீர்கள். நிலத்தால். கனெக்டிகட், மாசசூசெட்ஸ் எல்லாம் அடங்கிய நியூ இங்கிலாந்தில் குடியேறியவர்களுக்கு முன்னோர் வழிபாடும் கிடையாது, திவசமும் கிடையாது. ஆனால் யாருக்கு எந்த வயல், அவன் செத்தால் யாருக்கு எவ்வளவு என்பதில் மிகவும் கறாராக இருந்தார்கள். பிறப்பு, திருமணம், இறப்பைப் பதியவேண்டும் என்று மாசசூசெட்ஸில் 1639இலேயே உத்தரவு போட்டுவிட்டார்கள். பதிந்தது ஊர் எழுத்தர், பாதிரியார் அல்ல. வர்ஜீனியாவில் அது தேவாலயத்தின் வேலை. அங்கே பல மாவட்டங்களின் பழைய ஏடுகள் பத்திரமாக இருக்கட்டும் என்று உள்நாட்டுப் போரின்போது ரிச்மண்டுக்கு அனுப்பப்பட்டன. 1865 ஏப்ரலில் ரிச்மண்டே எரிந்தது. கனெக்டிகட்காரர்கள் ஒருவகையில் அதிர்ஷ்டசாலிகள். நிலப்பத்திரங்கள் அங்கே மாவட்டத் தலைநகரில் குவியாமல் அந்தந்த ஊர் அலுவலகத்திலேயே இருக்கின்றன.

பிறப்புப் பதிவை எல்லாரும் தேடுவார்கள். என்னைக் கேட்டால் சொத்துப் பங்கீட்டு ஆவணம்தான் தங்கம். ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் நீதிமன்றம் பங்கு பிரிக்கும். கைம்பெண்ணுக்கு மூன்றில் ஒன்று, மூத்த மகனுக்கு மற்றவர்களைப்போல இரண்டு மடங்கு, மிச்சம் மற்றவர்களுக்கு. கட்டிக்கொடுத்த பெண்கள் இன்னாரின் மனைவி இன்னார் என்று புருஷன் பெயரோடு வரிசையாக வருவார்கள். பிறப்புப் பதிவு ஒரு குழந்தை இருந்ததைச் சொல்லும், அது வளர்ந்து யாரானது என்பதைச் சொல்லாது. பங்கீடு சொல்லும்.

ஆனால் சொற்கள் காலை வாரும். ஒரே ஊரில் ஜான் பெரியவர், ஜான் சின்னவர் என்று இருவர் இருந்தால் அப்பா மகன் என்று நினைத்துவிடுவோம். சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், உறவே இல்லாதவர்களாகவும் இருக்கலாம். பெரியவர் செத்ததும் சின்னவர் 'பெரியவர்' ஆகிவிடுவார். நம்மூரில் பெரிய சுப்பையா, சின்ன சுப்பையா என்று கூப்பிடுவதில்லையா? கசின் என்று எழுதியிருந்தால் அது அண்ணன் மகனாகவும் இருக்கும். 'மதர் இன் லா' சிலசமயம் மாற்றாந்தாய். முதல் பிள்ளை இறந்தால் அடுத்துப் பிறந்ததற்கு அதே பெயரை வைப்பார்கள். ஒரே அப்பாவுக்கு இரண்டு சாமுவேல். இணையத்தில் இருக்கும் மரங்களில் பாதிக் குழப்பம் இந்த இரண்டாவது சாமுவேலால் வருவது.

ஆகவே ஒரு விதி. மேலிருந்து கீழே வரக்கூடாது. 1638இல் நியூ ஹேவனில் இருந்த ஒரு பெரிய மனிதரைப் பிடித்து அவரிடமிருந்து மருமகனை நோக்கி இறங்கினால் கட்டாயம் வந்து சேர்வீர்கள், ஏனென்றால் சேரவேண்டும் என்று முடிவுசெய்துவிட்டீர்கள். மருமகனில் தொடங்கி ஒவ்வொரு படியிலும் இவருக்கு இவர்தான் அப்பா என்பதற்கு எது சான்று என்று கேட்டு ஏறவேண்டும். 1850க்கு மேலே போகும்போது மூச்சு வாங்கும். அதற்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்குகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் உண்டு, மற்றவர்கள் எண்ணிக்கை.

ஏறி ஏறி 1638க்கு வந்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே கடல் நிற்கிறது. அமெரிக்கத் துறைமுகங்களில் பயணிகள் பட்டியல் சட்டப்படி கட்டாயமானது 1820 முதல்தான். முதல் இருபது ஆண்டுகளில் நியூ இங்கிலாந்துக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 20,000 பேர். அதில் எத்தனையோ பேருக்குச் சொந்த ஊர் எது என்றே தெரியாது. இந்த இடைவெளியில்தான் பிரபுக்கள் பிறக்கிறார்கள். உங்கள் புத்தகம் அச்சான காலத்தில் பணக்கார அமெரிக்கர்களுக்குக் குலவரலாறு எழுதித் தந்து பிழைத்தவர் குஸ்தாவ் அன்ஜூ என்ற ஸ்வீடன்காரர். நிஜ ஆவணங்களை ஏராளமாக மேற்கோள் காட்டி, கடலைத் தாண்டும் அந்த ஒரே இடத்தில் மட்டும் ஒரு பொய்ப் பத்திரத்தைச் செருகுவார். சுற்றிலும் உண்மையாக இருப்பதால் நடுவில் இருப்பது கண்ணில் படாது. சம்பந்தியம்மாவின் புத்தகம் அந்த ரகம் என்று சொல்லவில்லை. அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து, எந்தப் பதிவேட்டை வைத்து இப்படி எழுதினார் என்று பாருங்கள். பதிவேட்டின் பெயரே இல்லையென்றால் பிரபுவை விட்டுவிடுங்கள், குடும்பம் ஒன்றும் குறைந்துபோகாது.

கடலைத் தாண்டிய குடும்பம் ஒன்று நியூ ஹேவனிலேயே உண்டு. அது நம் சென்னைக்கும் வந்தது. யேல் குடும்பம். பெயர் வேல்ஸில் உள்ள யால் என்ற வட்டாரத்திலிருந்து வந்தது. வேல்ஸ்காரர்களும் நம்மைப்போல அப்பா பெயரை ஒட்டிக்கொண்டவர்கள், நிலையான குடும்பப்பெயர் பிறகு வந்தது. யேல் வீட்டு விதவை ஆன், செஸ்டர் பிஷப்பின் மகள், தியோஃபிலஸ் ஈட்டனை மறுமணம் செய்து 1637இல் பிள்ளைகளோடு பாஸ்டனில் இறங்கினார். ஈட்டன் நியூ ஹேவன் காலனியின் ஆளுநரானார். பிஷப்பின் மகள், ஆளுநரின் மனைவி என்பதால் இவர்களின் கடல் கடந்த சங்கிலி அறுபடவில்லை.

ஆனால் ஆன் என்ற அந்தப் பெண்ணை நமக்கு உயிரோடு காட்டுவது வேறொரு ஏடு. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது தவறு என்று அவர் நம்பத் தொடங்கியதால் சபை விசாரித்தது. விசாரித்தபோது வீட்டுச் சண்டை முழுவதையும் எழுதிவைத்துவிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் மாமியாரைப் புறங்கையால் முகத்தில் இரண்டு முறை அடித்தார், கணவர் கையைப் பிடித்துத் தடுக்கவேண்டியிருந்தது, மூத்தாள் மகளைக் கிள்ளினார். 1645இல் சபையை விட்டு நீக்கப்பட்டார். இந்த ஏட்டைப் பற்றிப் படித்த நாளில் எனக்கு எந்தப் பிரபுவும் தேவைப்படவில்லை. பேத்தியின் மரத்தில் இப்படி ஒரு பாட்டி கிடைத்தால் விடாதீர்கள்.

ஆனின் மகன் டேவிட். டேவிட்டின் மகன் எலிஹு, 1649இல் பாஸ்டனில் பிறந்து, மூன்று வயதில் இங்கிலாந்துக்குப் போய், பிறகு கும்பினி வேலையில் மதராஸ் வந்தவர். புனித ஜார்ஜ் கோட்டையின் மேரி தேவாலயம் திறந்த சில நாட்களில், 1680 நவம்பர் 4 அன்று, அங்கே கேதரின் ஹின்மர்ஸ் என்ற விதவையை மணந்தார். அந்தத் தேவாலயத் திருமணப் பதிவேட்டின் முதல் பதிவு அதுதான். மகனுக்குத் தன் அப்பா பெயரையே டேவிட் என்று வைத்தார். பேரன் என்றால் பெயரன். குலவரலாறு தேடுகிறவர்கள் இந்தப் பெயர் வழக்கத்தைத் துப்பாக வைத்துக்கொள்வார்கள், சான்றாக அல்ல. சிறுவயதிலேயே இறந்த அந்த டேவிட்டின் கல்லறை உயர்நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக்கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. எலிஹு 1687 முதல் 1692 வரை ஆளுநர். 1718இல் கனெக்டிகட் கல்லூரிக்கு ஒன்பது பொதிச் சரக்கும் 417 புத்தகங்களும் ஜார்ஜ் மன்னரின் படமும் அனுப்பினார். சரக்கை விற்றதில் கிடைத்தது 562 பவுண்டு. கல்லூரி அவர் பெயரை வைத்துக்கொண்டது, அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம்.

ஒரு கட்டுரைக்காக எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் கோட்டை ஆவணங்களைச் சில வாரங்கள் புரட்டியிருக்கிறேன். யேல் ஆளுநராக இருந்த காலத்து ஆலோசனைக் குறிப்புகளில் அடிமைகளைக் கப்பலேற்றும் செய்தியும் வருகிறது. திருமண ஏட்டில் மாப்பிள்ளை பெயர் உண்டு, பெண் பெயர் உண்டு, சரக்குக்கு விலை உண்டு. ஏற்றி அனுப்பப்பட்டவர்கள் வெறும் எண்ணிக்கை. நியூ இங்கிலாந்துச் சொத்துப் பட்டியல்களிலும் இதே கை எழுதியதுபோல் இருக்கும். எருது இவ்வளவு, செம்புப்பானை இவ்வளவு, நடுவில் ஒரு கறுப்பினப் பெண், விலையோடு. அமெரிக்காவில் 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை, வயது, பாலினம், நிறம்தான், தலைப்பில் உடையவரின் பெயர். அவர்களின் வழிவந்தவர்கள் 1870க்கு மேலே ஏறமுடியாமல் முட்டிக்கொண்டு நிற்பது இதனால். மருமகன் குடும்பத்துப் பழைய பட்டியலில் அப்படி ஒரு வரி வந்தால் பேத்தியிடம் மறைக்காதீர்கள். 'உங்க பக்கம் ஆளே இல்லை' என்பதற்கு என்ன பொருள் என்று அவளுக்கு அப்போது கொஞ்சம் புரியும்.

ஹார்ட்ஃபோர்டில் மாநில நூலகத்துக்குப் போங்கள். பார்பர் தொகுப்பில் ஊர்ப் பிறப்பு இறப்புப் பதிவுகளுக்கு அகரவரிசை உண்டு. ஹேல் தொகுப்பில் 2,000க்கும் மேற்பட்ட இடுகாடுகளின் கல்லெழுத்துகள். இரண்டும் படியெடுத்தவை, பிழை உண்டு, துப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு மூல ஏட்டைக் கேளுங்கள்.

உங்கள் பக்கத்துக்கும் நிலம்தான் வழி. பழைய கிரயப் பத்திரத்தில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று வரும், பெட்டியில் ஒன்றிரண்டாவது கிடக்கும். ஆனால் நீங்கள் சொன்ன வரிசையில் அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா. ஒரு பெண்கூட இல்லை. பத்திரத்திலும் அநேகமாக இருக்கமாட்டார்கள். நூலகம் அடுத்த வாரமும் திறந்திருக்கும். இன்று இரவு அக்காவைக் கூப்பிட்டு, ஆச்சிகளின் பெயரையும் அவர்கள் எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார்கள் என்பதையும் கேளுங்கள். பேத்தியையும் பக்கத்தில் உட்காரவையுங்கள், அவளே எழுதிக்கொள்ளட்டும்.