ஊரடங்கில் நன்றாகச் சாப்பிட்டோமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொரோனா ஊரடங்கில் நம் சாப்பாடு கெட்டது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் நேர்மாறு. 2020 ஏப்ரல், மே முழுக்க ஹோட்டலும் இல்லை, பரோட்டாவும் இல்லை. காலையில் இட்லி, பொடி. மதியம் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், மோர். சாயங்காலம் வாழைக்காய் பஜ்ஜி, ராத்திரி தோசை. மனைவி சுடச்சுடப் பரிமாற, நானும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். இப்போது மறுபடி வெளிச்சாப்பாடு. அந்த ஒழுங்கைத் திரும்பக் கொண்டுவர வழி உண்டா?

– ஒரு வாசகர் (பெயர் வேண்டாம்), திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள நண்பருக்கு,

ஹோட்டலை விட்டது நல்லதுதான், அதில் சண்டை இல்லை. ஆனால் வீட்டில் சமைத்ததாலேயே அது நல்ல சாப்பாடு ஆகிவிடாது. உங்கள் பட்டியலையே எடுத்துக்கொள்வோம்.

பெண்களின் உணவை அளக்க ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறது. உணவைப் பத்து வகையாகப் பிரித்து, ஒரு நாளில் குறைந்தது ஐந்து வகையாவது சாப்பிட்டார்களா என்று பார்ப்பார்கள். தானியமும் கிழங்கும் வாழைக்காயும் அதில் ஒரே வகை. ஆக இட்லி, தோசை, சோறு, உருளைக்கிழங்கு, பஜ்ஜிக்குள் இருக்கும் வாழைக்காய் எல்லாம் சேர்ந்து ஒன்றுதான். பருப்பு இரண்டு, மோர் மூன்று. சாம்பாரில் கிடந்த வெங்காயத்துக்குச் சலுகை கொடுத்தால் நான்கு. கீரை இல்லை, பழம் இல்லை, முட்டை இல்லை, மீன் இல்லை. வயிறு நிறைந்தது, நாக்குக்கும் குறையில்லை, ஆனால் ஐந்தைத் தொடவில்லை.

இது உங்கள் தப்பு இல்லை. கடை திறந்திருந்ததே சில மணி நேரம். ஒருமுறை போய் ஒரு வாரத்துக்கு வாங்கி வருகிறவர், மறுநாளே வாடும் அரைக்கீரையை விட்டுவிட்டுக் கிழங்கையும் வெங்காயத்தையும்தான் பையில் போடுவார். மே 5-இல் சென்னைக் கோயம்பேடு காய்கறிச் சந்தையை மூடினார்கள். அங்கிருந்து திரும்பிய தொழிலாளர்களால் நம் கடலூர் மாவட்டத்தில் தொற்று மளமளவென்று ஏறியதும், காய்கறி வண்டியைக் கண்டாலே விலகிப் போனோம். கோழியால் கொரோனா வரும் என்ற வாட்ஸாப் புரளி அதற்கு முன்பே கறியையும் முட்டையையும் பல வீடுகளிலிருந்து விரட்டியிருந்தது.

மீன் கதை இன்னும் மோசம். மார்ச் கடைசியில் விசைப்படகுகள் கரையில் நின்றன. அப்படியே ஏப்ரல் 15-இல் வருடாந்திர மீன்பிடித் தடைக்காலமும் தொடங்கிவிட்டது. வழக்கமாக ஜூன் 14 வரை போகும் தடையைக் குறைத்து, அந்த வருஷம் ஜூன் 1-இல் கடலுக்குப் போக அனுமதித்தார்கள். தடைக்கு முந்தைய வாரங்களில் காயப்போட்டு வைக்கும் கருவாட்டுக்கும் அந்த வருஷம் வழியில்லை. தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு நெத்திலி இல்லாமல் குழம்பு வைத்தோம்.

இதற்கு நடுவே பண்ருட்டிப் பலா வெளியூர் போக வழியில்லாமல் இங்கேயே மலிவாக வந்தது. விவசாயிக்கு அது நஷ்டக் கணக்கு, நமக்குச் சுளை. அதைவிட எனக்குப் பிடித்தது கொட்டை. வெயிலில் உலர்த்தி, மேல்தோலை உரித்து, முருங்கைக்கீரையோடு போட்டுக் கூட்டு வைத்த வீடுகள் அன்றைக்கு உங்களையும் என்னையும்விட நன்றாகச் சாப்பிட்டன. கொல்லையில் ஒரு முருங்கை இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்களைப் போலச் சொல்கிறவர்கள் வெளிநாட்டிலும் உண்டு. ஸ்பெயினில் 2020 ஏப்ரலில் 7,500-க்கு மேற்பட்டவர்களிடம் இணையத்தில் கேட்டபோது, சாப்பாடு கொஞ்சம் மேம்பட்டிருந்தது. பிரான்சில் அப்படியே கேட்டதில் 35 சதவீதம் பேர் எடை கூடினார்கள், 23 சதவீதம் பேர் குறைந்தார்கள். உட்கார்ந்து கேள்வித்தாளை நிரப்ப நேரமும் இணையமும் உள்ளவர்களின் கணக்கு இது என்பதை மறக்கக் கூடாது. உத்தரப் பிரதேசம், பீகார், ஒடிசா கிராமங்களில் 2019 மே மாதத்தையும் 2020 மே மாதத்தையும் ஒப்பிட்ட ஆய்வில், பெண்களின் தட்டில் வகைகள் குறைந்திருந்தன. ரேஷன் போய்ச் சேர்ந்த வீடுகள் நிறைய, இருந்தும் குறைந்தது. ரேஷனில் அரிசி வரும், பருப்பு வரும். கீரையும் முட்டையும் வராது.

நம் ஊரிலும் அதே கதைதான். சத்துணவில் ஒரு பிள்ளைக்கு வாரம் ஐந்து முட்டை. பள்ளியை மூடியபின் அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தார்கள். முட்டை கொடுக்கத் தொடங்கச் சில மாதங்கள் ஆயின. என்னைக் கேட்டால், அந்த ஊரடங்கில் நாம் அதிகம் பேசியிருக்க வேண்டியது அதைத்தான். நாமோ கபசுரக் குடிநீரில் எத்தனை மூலிகை என்று பேசிக்கொண்டிருந்தோம்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை விடவில்லை. 'மனைவி பரிமாற, நானும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.' அவர் எப்போது சாப்பிட்டார், என்ன மிச்சம் இருந்தது? நான்கு என்ற கணக்கு உங்கள் தட்டுக்குத்தான். அடிச்சட்டி சாம்பாரும் தீய்ந்த தோசையும் சாப்பிட்டவருக்கு மூன்றுகூடத் தேறாது. நாளெல்லாம் எல்லோரும் வீட்டில் இருந்ததால் அடுப்பு வேலை அவருக்கு இரட்டிப்பானதும் உண்டு.

வழி கேட்டீர்கள். ஹோட்டலை நிறுத்துவதற்கு முன் காலையில் கீரைக்காரம்மாவை வாசலில் நிறுத்தி வாங்குங்கள். உருளைக்கிழங்கு வறுவல் செய்கிற நாளில் பாதி நாளாவது முட்டையோ மத்தியோ ஆகட்டும், கொய்யா கிடைக்கும்போது வாங்குங்கள். பரிமாறுவதை நீங்களும் பிள்ளைகளும் முறைவைத்துச் செய்யலாம். இதெல்லாம் நடக்கிற வீட்டில் வாரம் ஒருநாள் பரோட்டா சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.