வரையத் தெரிந்தவருக்குப் பட்டம் எதற்கு?

கேள்வி: பள்ளிப் படிப்பு முடியப்போகிறது. நன்றாக வரைவேன். ஓவியக் கல்லூரியில் சேர ஆசை. வீட்டிலோ, ‘வரையத்தான் தெரியுமே, அதற்குப் பட்டம் எதற்கு?’ என்கிறார்கள். சேரலாமா?

பதில்: வீட்டில் கேட்பது நியாயமான கேள்விதான், கோபப்படாதீர்கள். சிற்பி ரோடின் பாரிஸ் கலைப்பள்ளியின் நுழைவுத் தேர்வில் மூன்று முறை தோற்றவர். ஓவியர் வான்கோ பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் கலை அகாடமியில் சேர்ந்து சில மாதங்களிலேயே வெளியேறியவர். ஓவியராக யாரும் சான்றிதழ் கேட்பதில்லை, ஆனால் கல்லூரி ஆசிரியர், அருங்காட்சியக வேலை என்றால் பெரும்பாலும் கேட்பார்கள்.

கல்லூரியில் கிடைப்பது வேறு. ஒரு மாடல் உட்கார்ந்திருக்க, இரண்டே நிமிடத்தில் கரித்துண்டால் உடலின் சாய்வைப் பிடிக்க வேண்டும், தவறினால் அழிக்க நேரமில்லை, அடுத்த தாளுக்குப் போய்விட வேண்டும். இப்படி நூறு தாள் வீணான பிறகுதான் கை கொஞ்சம் பேச்சைக் கேட்கும். அப்புறம் எல்லார் முன்னாலும் உங்கள் படத்தைச் சுவரில் மாட்டி, எது சரியில்லை என்று அலசுவார்கள். முதல் தடவை அழுகை வரும் (எனக்கு வந்தது). அச்சு இயந்திரமும் சுடுமண் சூளையும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, அதுவும் ஒரு காரணம்.

பெரிய கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும் என்றால் நான் தயங்குவேன். வடிவமைப்பு, அனிமேஷன் படிப்புகளையும் பாருங்கள், சம்பள வேலைக்கு அவை கொஞ்சம் நேர்வழி. விண்ணப்பிக்கும் முன் ஒரு மாதம், தினமும் உங்கள் இடது கையையே பார்த்து வரையுங்கள். பத்தாம் நாள் சலிப்பு வரும், பதினைந்தாம் நாளும் பென்சிலை எடுக்கிறீர்களா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.